மூட்டாத கைலி

"ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லு மச்சான்."

"இன்னான்னு சொல்றது?"

"அவதான் வேணும்னு சொல்லு. இல்லாங்காட்டி வேணாம்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு வாயில வருதா பாரு."

"உம்மா ரொம்பக் கோவமா கீறாங்க அஃப்ஸானா. ரெண்டு நாள் போவட்டும்."

"ரெண்டு நாள் போனா?"

"தணிஞ்சிடும்."

"அடுப்பா இன்னா, தானா தணியறதுக்கு? நீ போய் உங்க உம்மா முந்தானியப் புடிச்சிக்கினு நில்லு. போ."

பழவேற்காட்டுப் படகுத்துறையில் நின்றுகொண்டு அஃப்ஸானாவும் அவளுடைய மாமி மகன் ஃபயாஸும் கடைசியாகப் பேசிய பேச்சு இதுதான். போ என்று அவள் சொன்னது போகச் சொல்லி அல்ல. இது உலகத்தில் எந்த ஆணுக்கும் புரியும், ஃபயாஸைத் தவிர. அவன் போய்விட்டான். அவன் கேட்ட இரண்டு நாள் ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

2008இல் ஒரு புதன்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் ஆயத்த ஆடைக் கம்பெனியின் வேனில் உட்கார்ந்துகொண்டு அஃப்ஸானா அந்தப் பேச்சை மறுபடியும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தன் வசனத்தில் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துக்கொள்வது அவள் வழக்கம். ஃபயாஸின் வசனத்தில் சேர்ப்பதற்கு எதுவும் இருந்ததில்லை.

வேன் போய்க்கொண்டிருந்தது ஃபயாஸ் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்குப் பழைய காலத்துக் கட்டம் போட்ட சட்டைகள் வேண்டுமாம். நெடுஞ்சாலை ஓரத்துப் பல்கலைக்கழகத்தில் பழைய உடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்து நாலு மாதிரி எடுத்து வாருங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அஃப்ஸானா இரண்டு முறை தட்டிக்கழித்தாள். மூன்றாவது முறை முடியவில்லை.

"மொத தபா ஒனக்குத் தலவலி. ரெண்டாவது தபா ஒங்க உம்மாவுக்குக் கால்வலி. இன்னிக்கு இன்னா வலி?" என்றாள் பக்கத்தில் இருந்த விக்டோரியா. வியாபாரிகளுக்கு மாதிரித் துணி தயார் செய்யும் பிரிவில் அஃப்ஸானாவோடு வேலை செய்பவள். கும்மிடிப்பூண்டிக்காரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூச்சுமுட்டுகிற ஜாதி.

"உன் வாய்தான் வலி."

"வெள்ளிக்கெழம மாப்ள ஊட்டுக்காரங்க பொண்ணு பாக்க வராங்க, மூஞ்சப் பாரு, கரண்ட்டு போன மாதிரி. அவரு கரண்ட்டு கம்பெனிதானே?"

"வள்ளூர்ல புதுசா பவர் பிளாண்ட் கட்டிக்கினு கீறாங்கல்ல, அங்க இன்ஜினியரு."

"கட்டிக்கினுதான் கீறாங்களா? அப்ப இன்னும் கரண்ட்டே வரல."

அஃப்ஸானாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை ஜன்னல் பக்கம் திரும்பி வீணாக்கினாள். இருபத்தேழு வயதாகிவிட்டது. வாப்பா ஷாஹுல் இந்த முறை கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. "உனக்குப் புடிச்சா சரின்னு சொல்லு, புடிக்கலன்னா காரணம் சொல்லு" என்று மட்டும் சொல்லியிருந்தார். காரணம்தான் அவளிடம் இல்லை. வாய் திறக்காத ஒருவனை ஏழு வருஷமாக மட்டம் தட்டிக்கொண்டிருக்கிறேன், அது பாதியில் நிற்கிறது என்பதைக் காரணமாகச் சொல்ல முடியுமா?

கல்யாணம் நின்றது ஒரு சிரிப்பால். அஃப்ஸானாவின் வாப்பாவும் ஃபயாஸின் உம்மா கமர் நிஷாவும் கூடப்பிறந்தவர்கள். இரண்டு குடும்பமும் கைலி வியாபாரத்தில் வந்தவை. அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு மூட்டாத கைலி ஒன்றைக் கொடுப்பார்கள். நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது பெண்ணிடம் திரும்பி வரும். அவள் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தன் கையால் தைத்து மூட்ட வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் காலை மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொண்டுதான் நாஷ்டாவுக்கு உட்காருவான். தையல் கோணலாக இருந்தால் வீடே கேலி செய்யும். அவ்வளவுதான் வழக்கம். ஆனால் வேறு கை மூட்டிய கைலியை எந்த மாப்பிள்ளையும் கட்டியதில்லை.

ஷாஹுல் தன் பெட்டியில் இருந்த பழைய சரக்கை எடுத்துக் கொடுத்தார். கப்பலில் போயிருக்க வேண்டியது, அவருடைய வாப்பா காலத்திலேயே ஏதோ காரணத்தால் தங்கிப்போனது. கருஞ்சிவப்புக் கட்டத்துக்குள் நீலக் கோடு ஓடும். அஃப்ஸானாதான் அதை மாமியின் கையில் கொடுத்தாள். மருதாணி சரியாகக் காயவில்லை. துணியின் மூலையில் அவள் பெருவிரல் பதிந்துவிட்டது. "இதுக்குள்ள கறையா?" என்று முகம் சுளித்த கமர் நிஷா, சாப்பாடு முடிந்ததும் சபையில் அறிவித்தாள்: "நிக்காஹுக்கப்புறம் காலேஜு கீலேஜெல்லாம் கெடையாது. பொண்ணு ஊட்டோட இருக்கணும்."

உள்ளே இருந்து அஃப்ஸானாவின் குரல் வந்தது. "மாமிக்கு மருமவ வேணுமா, பீரோ வேணுமா? பீரோன்னா பஜார்ல சொல்லி வெக்கலாம். சாவியோட வரும்."

சொன்னதைக்கூட கமர் நிஷா மன்னித்திருப்பாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஷாஹுலும் சிரித்தார். அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. கைலியைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்து போனவள்தான். கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தேதி வையுங்கள் என்றும் சொல்லவில்லை. கைலியைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அதே கமர் நிஷா ஊரெல்லாம் ஒரு பெருமை பேசினாள். "எங்க ஊட்டுத் துணி யுனிவர்சிட்டில கீது. ஏசி ரூம்ல. நம்மளுக்கு இல்லாத ஏசி அதுக்கு." ஏதாவது பழைய ஷெர்வானியாக இருக்கும் என்று அஃப்ஸானா நினைத்துக்கொண்டாள். அந்த வீட்டு ஆண்பிள்ளையே அங்கே பொம்மையோடு பொம்மையாக நிற்கிறான், துணி போனால் என்ன என்று உம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் உடைத் தொகுப்பு நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. துறைத் தலைவர் பேராசிரியர் அரசப்பன் வாசலிலேயே வரவேற்றார். சஃபாரி உடை, கழுத்தில் அடையாள அட்டை. வேறு யாருமே வராத இடத்தில் எதற்கு அடையாள அட்டை என்று அஃப்ஸானா யோசித்தாள்.

"இங்கே இருப்பது வெறும் துணி இல்லம்மா. ஒவ்வொன்றும் நம்முடன் உரையாடுகிறது" என்றார் அவர்.

"அப்டிங்களா சார்? துணியே பேசுது. சில பேருக்கு அதுகூட வரமாட்டேங்குது."

அப்போதுதான் உள் கதவைத் திறந்துகொண்டு ஃபயாஸ் வந்தான். கையில் வெள்ளைத் துணிக் கையுறை. கல்யாண வீட்டில் பிரியாணி பரிமாற வந்தவன் மாதிரி இருந்தான். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். வாய் பாதி திறந்தது. பிறகு வழக்கம்போல மூடிக்கொண்டது.

"இவர்தான் எங்கள் காப்பாளர் ஃபயாஸ். பழவேற்காடுதான் ஊர்" என்றார் அரசப்பன்.

"அட, அஃப்சு, ஒங்க ஊரு!" என்றாள் விக்டோரியா.

"ஊரு பெருசு. எல்லாரையும் தெரிஞ்சிக்க முடியுமா?" என்றாள் அஃப்ஸானா. தெற்குத் தெருவில் ஒருவர் தும்மினால் வடக்குத் தெருவில் கேட்கிற ஊர் அது. "வணக்கம் சார்."

அவன் அந்த 'சாரை' வாங்கிக்கொண்டு விழுங்கினான். "வாங்க மேடம். பேனா இருந்தா வெளிய வெச்சிடுங்க. உள்ள பென்சில்தான்."

"ஏன் சார்? எழுதினா அழிக்கிற வசதி வேணுமா?"

"மை பட்டா துணி பாழாயிடும்."

"வாய்? வாயத் தொறக்கலாமா?"

"தொறக்கலாம்."

"தெரிஞ்சி வெச்சிக்கினுதான் கீறீங்க போல."

விக்டோரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அரசப்பன் யாரையும் பார்க்கவில்லை. அவரைப் பொறுத்தவரை மற்றவர்கள் இருப்பது அவர் பேசுவதைக் கேட்பதற்காக மட்டுமே.

உள்ளே குளிர் முகத்தில் அடித்தது. வரிசையாகத் தலையில்லாத பொம்மைகள். ஒரு ஜமீன்தாரின் சரிகை அங்கி, கழுத்துப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு. குளிக்க நேரமில்லாத அளவுக்கு என்ன ஆண்டாரோ என்று அஃப்ஸானாவுக்குத் தோன்றியது. ராயபுரத்தில் எழுபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வெள்ளை கவுன். ரயில்வே கார்டின் கறுப்புக் கோட்டு. ஒரு கண்ணாடிப் பெட்டியில் மில் தொழிலாளியின் காக்கிச் சட்டை, அக்குளில் வேர்வைக் கறை அப்படியே இருந்தது. அந்த ஆள் உயிரோடு இருந்தபோது அவனை யாரும் ஏசியில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். அதையும் மனசுக்குள் ஒரு குத்துக் குத்திவிட்டு நகர்ந்தாள்.

அரசப்பனுக்கு போன் வந்து அவர் வெளியே போனதும், ஃபயாஸ் பேச ஆரம்பித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குப் பேச வந்தது.

"இந்த கவுன் பாருங்க. குழந்தையோடது. யுத்தம் முடிஞ்சப்ப பாரசூட் துணி மலிவா கெடச்சுது. அத்த வாங்கித் தெச்சிருக்காங்க. வானத்துலேர்ந்து எறங்கின துணின்னு பொண்ணுகிட்ட சொல்லியிருப்பாங்க." அடுத்த இழுப்பறையைத் திறந்தான். "இது ஒரு டீச்சரோட ரவிக்க. ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சு விட்டிருக்காங்க. ரெண்டு தபா. பழைய ஊசி ஓட்ட தெரியுது பாருங்க. வேற வாங்காம இதையே போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. இதுதான் எனக்கு இந்த ரூம்லயே புடிச்சது. ஜமீன் கோட்டு இல்ல."

விக்டோரியா அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினாள். அஃப்ஸானாவும் பார்த்தாள். அவளுக்கும் பிடித்திருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. முகம் தெரியாத ஒருத்தியின் ரவிக்கைக்காக இவ்வளவு பேச முடிகிறவன், முகம் தெரிந்த ஒருத்திக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. காலேஜுக்குப் போகக்கூடாது என்று அவன் உம்மா சொன்னபோது, இந்த டீச்சருக்குக் கிடைத்த வக்காலத்தில் கால்வாசி அவளுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

"நல்லாப் பேசுறீங்க சார். ஆனா ரவிக்கயோட ஆளு செத்துட்டாங்க போல. அதான் தைரியம்."

அவன் இழுப்பறையை மெதுவாகச் சாத்தினான். "கட்டத் துணிங்க இந்தப் பக்கம் மேடம்."

கட்டத் துணிகள் நீளமான தட்டையான இழுப்பறைகளில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைத் துணி. விக்டோரியா பென்சிலால் கோடுகளின் கணக்கைக் குறித்துக்கொண்டே போனாள். பச்சை மஞ்சள், நீலம் வெள்ளை, மூன்றாவது மாதிரியும் கிடைத்துவிட்டது. கடைசி இழுப்பறையில் விக்டோரியா கை வைத்ததும் ஃபயாஸ் குறுக்கே வந்தான்.

"அது வேணாம். இரவல் பொருள்."

"பாத்தா தேஞ்சிடுமா சார்?" என்றாள் அஃப்ஸானா.

அரசப்பன் திரும்பி வந்திருந்தார். "எது, அந்த மேலாடையா? எடுப்பா ஃபயாஸ். நம்மிடம் இருப்பதிலேயே கட்டம் அதுதான் அருமை." அவன் அசையாததைப் பார்த்து அவரே இழுப்பறையை இழுத்தார். அட்டையைக் கையில் எடுத்து உரக்கப் படித்தார். "'பழவேற்காட்டு வணிகக் குடும்பப் பெண்களின் மேலாடை. தைக்கப்படாதது. மூலையில் செந்நிறக் கறை, சாயப் பிசகாக இருக்கலாம்.' நம்ம ஃபயாஸ் எழுதினதுதான்."

வெள்ளைத் துணியை விலக்கினார். கருஞ்சிவப்புக் கட்டம். அதற்குள் நீலக் கோடு.

அஃப்ஸானா மூலையைப் பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அங்கே அவளுடைய பெருவிரல் இருந்தது. ஏழு வருஷத்தில் வெளிறி, பழுப்பேறி, ஆனாலும் ரேகையோடு இருந்தது. சாயப் பிசகு. அவளை அறியாமல் வலது கையை மூடிக்கொண்டாள்.

"சார், இது மேலாடயும் இல்ல கீழாடயும் இல்ல" என்றாள் விக்டோரியா. "கைலி சார். எங்க நைனா தெனம் கட்டறதுதான். இன்னும் மூட்டாம கீது, அவ்ளோதான்."

"கைலியா!" அரசப்பன் முகம் மலர்ந்தது. "அடுத்த மாதம் கண்காட்சிக்குத் துணைவேந்தர் வருகிறார். வியாபாரி பொம்மை ஒன்று மேலே சட்டை போட்டுக்கொண்டு கீழே ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. ஒரு வருஷமாக நல்ல கைலி கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கேயே இருந்திருக்கிறது!" ஃபயாஸ் பக்கம் திரும்பினார். "நீ கைலி ஊர்க்காரன். உனக்குத் தெரியவில்லையா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் மேலாடை என்று எழுதினாய்?"

ஃபயாஸ் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அஃப்ஸானாவுக்குப் புரிந்தது. கைலி என்று எழுதினால் மூட்டச் சொல்வார்கள். மேலாடை என்றால் யாரும் ஊசி எடுக்க மாட்டார்கள். வேறு கை படாமல் இருக்க ஒரு பொய்யை எழுதி, அதன்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, ஏசி ரூமில் படுக்க வைத்திருக்கிறான். நெஞ்சுக்குள் ஏதோ இளகிற்று. இளகிய அதே வேகத்தில் எரிந்தது. ஒளித்து வைக்கத் தெரிகிறது. நாலு கிலோமீட்டர் இல்லை, நாலு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அங்கே வந்து சொல்லத் தெரியவில்லை.

"சரி, போகட்டும்" என்றார் அரசப்பன். "ஒரு தையல் போட்டால் முடிந்தது. ஏம்மா, உங்கள் கம்பெனியில் செய்து தருவீர்களா?"

விக்டோரியா வாயைத் திறப்பதற்குள் அஃப்ஸானா சொன்னாள். "தாராளமா சார். ஓவர்லாக் மிஷின்ல வுட்டா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வேல முடிஞ்சிடும். நானே எடுத்துக்கினு போறேன். நாளைக்கே அனுப்பிடறேன். வெள்ளிக்கெழம எங்க ஊட்டுக்கு வள்ளூர்லேர்ந்து ஆளுங்க வராங்க, பொண்ணு பாக்க. அதுக்கப்புறம் நான் வேலைக்கு வருவனோ இன்னாவோ."

சொல்லிவிட்டு ஃபயாஸைப் பார்த்தாள். இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் திறந்து வைக்க முடியாது. இதற்கும் ரெண்டு நாள் போவட்டும் என்றால் அந்தக் கைலியை மிஷினில் மட்டுமல்ல, நாலாகக் கிழித்து வேன் துடைக்கவும் அவள் தயாராக இருந்தாள்.

"பிரமாதம்" என்றார் அரசப்பன். "ஃபயாஸ், ஒரு பையில் போட்டுக் கொடு."

ஃபயாஸ் கையுறையைக் கழற்றினான். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த அறையில் அவன் வெறுங்கையைத் துணியின்மேல் வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது வைத்தான். சரியாக அந்த மூலையில்.

"குடுக்க முடியாது சார்."

"என்னது?"

"மிஷின்ல மூட்டக் கூடாது. பொம்மைக்கும் கட்டக் கூடாது. இது என்னோடது."

"உன்னுடையதா? உங்கள் வீட்டுத் துணி என்றுதானே சொன்னாய்?"

"ஊட்டுது இல்ல சார், என்னுது. எனக்குக் குடுத்தது. எங்க உம்மா இன்னொரு எடத்துல பொண்ணு பாத்துட்டு, இத்த அந்த ஊட்டுக்கு மூட்டறதுக்கு அனுப்பக் கெளம்பினாங்க. அன்னிக்குக் காலையில இத்தத் தூக்கிக்கினு இங்க வந்துட்டேன். அந்தச் சம்பந்தமும் அதோட நின்னுபோச்சு. யுனிவர்சிட்டி கேட்டுச்சுன்னு பொய் சொன்னேன். உங்ககிட்ட மேலாடன்னு பொய் எழுதினேன்." விரலால் மூலையைத் தொட்டுக் காட்டினான். "இந்தக் கறை சாயப் பிசகு இல்ல. மருதாணி."

விக்டோரியா அஃப்ஸானாவின் மூடிய கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இதையெல்லாம் ஏன்பா என்னிடம் சொல்கிறாய்?" என்றார் அரசப்பன் பரிதாபமாக.

"அதான! அவர்ட்ட இன்னாத்துக்குச் சொல்ற?" அஃப்ஸானாவின் குரல் உயர்ந்து, தலையில்லாத பொம்மைகளுக்கெல்லாம் கேட்டது. "துணிகிட்ட சொல்ற, அட்டையில எழுதற, புரொபசர்ட்ட சொல்ற. சொல்ல வேண்டிய ஆளு எதிர்க்க நிக்கறது ஒனக்குத் தெரியலயா மச்சான்?"

மச்சான் என்ற சொல் அவளையும் மீறி வந்துவிட்டது. அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

"உங்க உம்மா?" என்றாள்.

"இன்னிக்கே சொல்றேன். கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும்."

"நான் வேலைக்குப் போவேன்."

"போ."

"என் நாக்கும் கூடவே வரும்."

"அது இல்லாமதான் ஊடு பேஜாரா கீது."

அவன் கைலியை இழுப்பறையிலிருந்து எடுத்தான். மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஜமீன்தார் அங்கியைத் தாண்டி, அரசப்பனைத் தாண்டி அவள் எதிரில் வந்து நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. இந்த முறை வாய் திறந்து, திறந்தபடியே இருந்தது. ஒரு கணம் அவளுக்குப் பயமாகப் போய்விட்டது, மறுபடியும் மூடிக்கொள்ளப் போகிறதோ என்று.

"இத்த நீ மூட்டிக் குடு, அஃப்ஸானா. உன் கையால."